ஆடி முடித்ததும் எழுதுங்கள்

இந்த இதழிலிருந்து ‘ஆடி முடித்தவை’ என்றொரு பகுதி தொடங்குகிறது. அண்மையில் முழுதாக ஆடி முடித்த ஒரு வீடியோ கேமைப் பற்றி வாசகர்கள் தங்கள் கருத்தை எழுதும் பகுதி. கவிதைக்கும் கதைக்கும் மதிப்புரைக்கும் பக்கம் போதாமல் திண்டாடும் ஒரு சிற்றிதழில் இதற்கு இடம் எதற்கு என்று ஆசிரியர் குழுவிலேயே கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இந்தத் தலையங்கத்தை எழுதுகிறேன்.

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. தமிழ் சினிமாவை அரசியலோடு சேர்த்து ஆராய்ந்த நூல்கள் என்று இன்றும் நாம் முதலில் எடுத்துக்காட்டுபவை இரண்டு. ஒன்று சு. தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’. மற்றொன்று தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாகப் பார்த்த கா. சிவத்தம்பியின் நூல். இரண்டுமே வெளிவந்தது 1981இல், அதுவும் ஆங்கிலத்தில். இடையில் ஐம்பது ஆண்டுகள். ஊரே டென்ட் கொட்டகையில் உட்கார்ந்திருந்த காலம் அது. படித்தவர்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களில் எத்தனையோ இன்று இல்லை. அவற்றைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் எழுதப்படாமலே போய்விட்டது. அடாரி நிறுவனத்தின் ‘பாங்’ வந்தது 1972இல். அங்கிருந்து கணக்கு வைத்தால் வீடியோ கேமுக்கும் ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டது. தமிழில் இன்றும் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பவை, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கவலைக் கட்டுரையும், புதிதாக வந்திருப்பதை வாங்கலாமா வேண்டாமா என்ற அரைப்பக்கக் குறிப்பும்தான்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை ஓர் ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன். லூகாஸ் போப் ஏறக்குறையத் தனி ஆளாகச் செய்து 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. அர்ஸ்டாட்ஸ்கா என்ற கற்பனை நாடு, வருடம் 1982. வேலைக் குலுக்கலில் உங்கள் பெயர் விழுகிறது. எல்லைச் சாவடியில் ஒரு சிறு அறை, ஒரு மேசை, இரண்டு ரப்பர் ஸ்டாம்பு: ஒன்று அனுமதி, ஒன்று மறுப்பு. வெளியே பனியில் நீண்ட வரிசை. ஒவ்வொருவராக உள்ளே வந்து பாஸ்போர்ட்டை நீட்டுகிறார்கள். முதல் நாள் பாஸ்போர்ட் மட்டும் பார்த்தால் போதும். அப்புறம் நுழைவுச் சீட்டு, வேலை அனுமதி, அடையாள அட்டை, தடுப்பூசிச் சான்று என்று காகிதம் பெருகிக்கொண்டே போகிறது. விதிகளும் தினம் மாறுகின்றன. மேசை மட்டும் அதே அளவில்தான் இருக்கிறது. ஒரு காகிதத்தைப் படிக்க இன்னொன்றை நகர்த்த வேண்டும். நகர்த்துகிற நேரத்தில் கடிகாரம் ஓடுகிறது.

சரியாகப் பரிசோதித்த ஒவ்வோர் ஆளுக்கும் ஐந்து கிரெடிட் கூலி. மாலையில் வீட்டுக் கணக்கு வரும்: வாடகை, சாப்பாடு, கணப்பு, மருந்து. மனைவி, மகன், மாமியார், மாமா எல்லாரும் உங்கள் ஸ்டாம்பை நம்பி இருக்கிறார்கள். பணம் போதாவிட்டால் இன்று கணப்பா சாப்பாடா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு நாள் ஒருவர் வருகிறார். காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. போகும்போது, அடுத்து என் மனைவி வருகிறாள், தயவு பண்ணுங்கள் என்கிறார். அந்தப் பெண்ணிடம் நுழைவுச் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று அவளே சொல்கிறாள். இப்படி ஒரு காட்சி எந்த நாவலிலும் வரலாம். ஆனால் இந்த ஆட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு வெறும் எச்சரிக்கைச் சீட்டுதான். மூன்றாவதிலிருந்துதான் கூலியில் பிடிப்பார்கள். ஆகவே ஆடுகிறவர் கொஞ்ச நாளிலேயே ஒரு கணக்கு போடக் கற்றுக்கொள்கிறார். நாளுக்கு இரண்டு பேருக்கு இரக்கம் காட்டலாம். காலையிலேயே கவனக்குறைவால் இரண்டு தவறு செய்துவிட்டால், மாலையில் அழுதுகொண்டு வருகிறவருக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. இரக்கத்தைச் சில்லறையாக எண்ணி வைத்துச் செலவழிக்கிற ஆளாக நம்மை இந்த ஆட்டம் மாற்றிவிடுகிறது. கொடுமையாக இரு என்று யாரும் சொல்வதில்லை. வரிசை நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான். சில நாட்களில் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். தேதியை மட்டும் பார்க்கிறோம். சீட்டு காலாவதியானது என்று கண்டுபிடித்த கணத்தில் மனம் சந்தோஷப்படுகிறது. மறுத்தாலும் அதே ஐந்து கிரெடிட், வேலையும் சீக்கிரம் முடிகிறது.

அரசு அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றித் தமிழில் நிறையக் கதைகள் உண்டு. அலுவலர் ஏன் அப்படி ஆனார் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஜன்னலுக்கு உள்ளே நம்மை உட்காரவைத்து, நம் கையாலேயே அந்த ஸ்டாம்பைக் குத்தவைப்பது வேறு ஒரு கலை. இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர் கதைச்சுருக்கம் சொல்லி, படங்கள் பழைய பாணியில் இருக்கின்றன என்று சேர்த்து, பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டு முடித்தால் ஆட்டத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்றுதான் பொருள். அந்தக் காகிதங்களுக்கு நடுவே உங்கள் கை என்ன செய்தது, எப்போது கூசியது, எப்போது கூசுவதை நிறுத்தியது? அதை எழுத வேண்டும்.

‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச்’ 2017இல் வந்தது. ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்று சொல்லும் ஆட்டம். அதில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் லூயிஸ் என்ற இளைஞனின் பகுதி ஒன்று உண்டு. கன்ட்ரோலரில் வலது கை மீனை எடுத்து, கத்திக்கு அடியில் வைத்து, தலையைத் துண்டித்துத் தள்ள வேண்டும். திரும்பத் திரும்ப அதே வேலை. அதே நேரத்தில் இடது கை அவன் மனதுக்குள் விரியும் ஒரு கற்பனை நாட்டில் அவனை நடத்திச் செல்ல வேண்டும். முதலில் திரையின் ஓரத்தில் சிறிதாக இருக்கும் அந்த நாடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து ஆலையை மூடிக்கொள்கிறது. வலது கை மட்டும் பார்க்காமலே மீனை வெட்டிக்கொண்டிருக்கிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. அலுப்பான வேலையில் மனம் எங்கே போகிறது என்பதை இரண்டு கைகளுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துக் காட்டியது இந்த ஆட்டம். அந்தச் சில நிமிடங்களுக்காகவே இதை ஆடலாம்.

லூகாஸ் போப் அடுத்துச் செய்தது ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’, 2018. காணாமல் போனதாக விடப்பட்ட ஒரு கப்பல் 1807இல் ஆள் இல்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மவுத் கரைக்கு வந்து சேர்கிறது. அதில் போன அறுபது பேருக்கும் என்ன ஆயிற்று என்று கண்டறிந்து எழுத வேண்டிய ஆய்வாளர் நீங்கள். உங்களை அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகம். பழைய மேக்கின்டாஷ் திரை போல இரண்டே நிறத்தில் படம். ஒரு பாக்கெட் கடிகாரத்தைப் பிணத்தருகே கொண்டுபோனால் அந்த ஆள் இறந்த கணம் உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். பெயர்ப் பட்டியல் ஒரு பக்கம், கூட்டமாக நிற்பவர்களின் ஓவியம் ஒரு பக்கம். எந்தப் பெயர் எந்த முகத்துக்கு உரியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேச்சின் சாயல், தொங்குபடுக்கையின் எண், யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் வைத்து ஊகிக்க வேண்டும். மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் ஆட்டம் அதை உறுதி செய்யும். குருட்டாம்போக்கில் அடித்துத் தப்ப முடியாது. துப்பறியும் ஆட்டங்களில் இதற்கு ஈடாக நான் இன்னொன்றை ஆடியதில்லை.

உலகம் முழுக்க இதைப் புகழ்ந்தவர்கள் கடிகாரத்தையும் புதிரையும் பற்றி எழுதினார்கள். தமிழில் எழுதுகிறவர் இன்னொன்றையும் பார்ப்பார். கம்பெனியின் கணக்குப் புத்தகம் நம் ஊர்களிலும் எழுதப்பட்டதுதான். ஆனால் அதில் நாம் இருந்தது வேறு பக்கத்தில். இங்கே அந்தப் புத்தகத்தை நம் கையில் கொடுத்து, யாருடைய வாரிசுக்கு எவ்வளவு போகும், யாருக்கு அபராதம் என்று தீர்மானிக்கிற வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். கப்பலில் இந்திய மாலுமிகளும் உண்டு. அவர்களில் இருவர் பயணத்தின் தொடக்கத்திலேயே நுரையீரல் நோயில் சாகிறார்கள். கலகம், துரோகம், வீரம் எல்லாம் மற்றவர்களுக்குப் போகிறது. இவர்களுக்கு நோய் மட்டும். இது ஆட்டத்தின் குறை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அறுபதில் அவர்களும் இரண்டு பேர். கேப்டனின் முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தோமோ அவ்வளவு நேரம் அவர்கள் முகத்தையும் பார்க்காமல் புத்தகத்தை முழுமையாக முடிக்க முடியாது. உண்மையான கம்பெனியின் பேரேடுகளில் இந்த நியாயம் கிடைத்திருக்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு மதிப்புரையை எதிர்பார்க்கிறேன்.

நம்மைப் பற்றியே ஓர் ஆட்டம் வந்திருக்கிறது. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதி. அங்கே பிறக்கும் மகன் கவின். வெண்பாவின் அம்மா அவளுக்குக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறை படிந்தும் இருக்கிறது. விட்டுப்போனதை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது 2024இல் இதற்குக் கிடைத்தது. இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பது அதில் ஒரு புதிர். வெளிநாட்டு விமர்சகருக்கு அது புதிர்தான். குழிக்கு நேர் மேலே குழி வந்தால் இட்லி நசுங்கும் என்பது நம் வீட்டில் அடுப்படிக்குப் போன எவருக்கும் தெரியும். யோசிக்கும் முன் கை அடுக்கிவிடும். ஒரே ஆட்டம் இரண்டு கைகளில் இரண்டு விதமாக இயங்குகிறது. அவர்கள் எழுதிய பாராட்டு நமக்குப் போதாது என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

என் கருத்தைச் சொல்கிறேன். பின்னணியில் வெவ்வேறு காலத்துத் திரையிசையின் சாயலில் ஒலிக்கும் பாடல்கள் அருமை. தாளிக்கும் சத்தம் அதைவிட அருமை. அம்மாவிடம் மகன் விலகிப்போவது வலிக்கிறது. ஆனால் வேலை தேடி அலைவதும் காசில்லாமல் தவிப்பதும் வசனத்தில் மட்டும் வருகின்றன, கைக்கு வருவதில்லை. சமையலில் தவறினாலும் இழப்பு ஒன்றுமில்லை, மறுபடி செய்யலாம். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ ஒரு வீட்டின் வறுமையை நம் விரலில் உணர்த்தியது போல வெண்பா உணர்த்தவில்லை. இந்தக் குறையைச் சொல்வதால் அந்த ஆட்டத்தின் மீதான அன்பு எனக்குக் குறையவில்லை. நம்மவர் செய்தது என்பதற்காகப் பாராட்டி அனுப்பிவிட்டால் அடுத்ததை இன்னும் நன்றாகச் செய்ய அவர்களுக்கு நாம் எந்த உதவியும் செய்யவில்லை.

போலந்தின் வார்சாவில் இயங்கும் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ பற்றியும் சொல்ல வேண்டும். சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது. முற்றுகையிடப்பட்ட நகரில் மாட்டிக்கொண்ட சாதாரண மனிதர்களைக் காப்பாற்றுவதுதான் ஆட்டம். பசி முற்றினால் இரவில் போய் ஒரு வயதான தம்பதியின் வீட்டில் இருப்பதை எடுத்துவரலாம். அவர்களால் தடுக்க முடியாது. எடுத்துவந்த ஆள் மறுநாள் உடைந்துபோகிறார். 2020இல் போலந்து அரசு இதைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ஒரு நாடு தன் மாணவர்கள் முன் நாவலோடு சேர்த்து ஓர் ஆட்டத்தையும் வைக்கத் துணிந்தது. ஈழத்தில் பதுங்குகுழி வெட்டி வாழ்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நம் வாசகர்களில் இருக்கிறார்கள். இந்த ஆட்டம் எங்கே உண்மை பேசுகிறது, எங்கே பிசகுகிறது என்று அவர்களால் சொல்ல முடியும். ஆட மனம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுதினாலும் அச்சிடுவோம்.

முடித்தவற்றைப் பற்றி மட்டும் ஏன்? ஓர் ஆட்டம் தொடக்கத்தில் கற்றுக்கொடுத்த பழக்கத்தைப் பின்னால் நமக்கு எதிராகவே திருப்பும். பாதியில் எழுந்தவர் பாதி விதிகளைத்தான் பார்த்திருப்பார். முடிவே இல்லாமல், காசு கறக்கவென்றே செய்யப்பட்ட மொபைல் ஆட்டங்களும் இருக்கின்றன. அவற்றை அழித்துவிட்டு வெளியே வந்த நாளையே முடிவாகக் கொண்டு எழுதலாம். அப்படியான கட்டுரைகள் இன்னும் அவசரமாகத் தேவை.

விலை உயர்ந்த கணினி இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ 2022இலிருந்து போனிலும் கிடைக்கிறது. ஆங்கிலம் தடையாக இருந்தால் அதையும் எழுதுங்கள். எந்த இடத்தில் எது புரியாமல் நின்றீர்கள் என்பது செய்கிறவர்களுக்கும் தெரிய வேண்டிய சேதி.

அறுநூறு சொற்களுக்குள் இருக்கட்டும். மதிப்பெண் வேண்டாம். முடிவைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் தலைப்பின் கீழேயே எச்சரித்துவிடுங்கள். எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்பதைவிட, எந்த இடத்தில் கை நின்றது என்று எழுதுங்கள். புனைபெயரிலும் எழுதலாம். அடுத்த இதழுக்கான கட்டுரைகள் இந்த மாத இறுதிக்குள் எங்களுக்கு வந்து சேர வேண்டும்.