ரிட்டயர் ஆனதும் முதல்ல எதை வெட்டுறீங்க?

1/ "ரிட்டயர் ஆயாச்சு, இனி செலவு குறைஞ்சிடும்"னு நம்புறவங்களுக்குத்தான் இந்த இழை. மொத்தமா குறையாது மக்களே, இடம் மாறும். பெட்ரோல், ஆபீஸ் டீ, டிபன் செலவு போகும். மாத்திரை, டெஸ்ட், கண்ணாடி, பல் செலவு வந்து உட்காரும்.

2/ சம்பளம் பென்ஷனா சுருங்கினதும் நாம கத்திரி போடுறது தப்பான இடத்துல. விசேஷ வீட்டு மொய் குறையாது. பேரனுக்குப் போடுற செயின் குறையாது. தினமும் ஒண்ணுன்னு எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிடும்!

3/ "தலை சுத்தல, மயக்கம் இல்ல, அப்புறம் எதுக்கு மாத்திரை?" பிபியும் சுகரும் பெரும்பாலும் சத்தமே போடாது. உள்ளுக்குள்ள ரத்தக்குழாயை, கிட்னியை, கண்ணை அரிச்சுக்கிட்டே இருக்கும். மிச்சம் பிடிச்ச சில நூறு ரூபாய், பக்கவாதம் வந்தா ஆம்புலன்ஸ் வாடகைக்குக்கூடக் காணாது.

4/ அடுத்த வெட்டு சாப்பாட்டுல. முட்டை, பால், மீன் போய் ரசம் சாதமும் கஞ்சியும் வரும். "வயசானவங்களுக்கு இது போதாதா?" போதாது. வயசு ஏற ஏற தசை கரையும். உடல் எடையில கிலோவுக்கு 1 கிராம் புரதமாவது வேணும். 60 கிலோன்னா 60 கிராம். ஒரு முட்டையில சுமார் 6 கிராம்தான் இருக்கு. (கிட்னி பிரச்சனை இருந்தா உங்க டாக்டர் சொல்ற அளவு.) தசை போனா கால் தடுமாறும். விழுந்தா இடுப்பெலும்பு.

5/ இன்னொரு அநியாயம்: அப்பா ரிட்டயர் ஆனா, தள்ளிப்போறது அம்மாவோட டெஸ்ட். சமையல்கட்டுலருந்து அவங்களுக்கு ரிட்டயர்மென்ட்டே கிடையாது. அவங்க சுகருக்கு மட்டும் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்".

6/ வெட்டணுமா? வெட்டுங்க. விளம்பரத்துல வர்ற சத்து பவுடர் டப்பாவை வெட்டுங்க. டாக்டர் சொல்லாம எடுக்குற முழு உடல் பேக்கேஜை வெட்டுங்க. கடன் வாங்கிச் செய்யுற சீரை வெட்டுங்க.

7/ மாத்திரையை நிறுத்தாம மாத்திரை செலவைக் குறைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி, சுகர் மாத்திரை இலவசம். 2021லருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வருது. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகத்துல ஜெனரிக் மருந்து குறைஞ்ச விலை. எதை மாத்தினாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.

8/ பிள்ளைகளே, "அப்பா எதுவுமே கேக்கறதில்ல"ன்னு பெருமைப்படாதீங்க. கேக்க மாட்டார். இந்த வாரம் ஊருக்குப் போனா மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்க. மிச்சம் இருந்தா, அது சேமிப்பு இல்ல.