ஆயி கதைக்குப் படம் போடக் கூடாதா?

இரண்டாவது படிக்கும் என் மகள், அரசாங்க நோட்டீஸ் ஒன்றில் இருந்த முத்திரையைக் காட்டி, "இது எந்தக் கோயில்மா?" என்றாள். கோயில் இல்லடி, ஆயி மண்டபம் என்றேன். ஆயி யாரு என்றாள். என் மாமியார் பிடித்துக்கொண்டார்.

கிருஷ்ணதேவராயர் வில்லியனூர் பக்கம் வந்தபோது, விளக்கு எரிந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். ஆயி, நானே இடிக்கிறேன் என்று தவணை கேட்டு, வீட்டை இடித்து அங்கே ஊருக்குக் குளம் வெட்டினாளாம். பிற்பாடு பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து டவுனுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அந்த நினைவாகக் கட்டியதுதான் மண்டபம்.

மகள் உடனே, "படம் காட்டு" என்றாள். நான் எங்கே போவேன்? செல்போனில் சிண்டரெல்லா தமிழிலேயே பேசுகிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் படம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிறுத்தி ஒரு கேள்வி கேட்க முடிகிறதா? என் சிறுவயதில் அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் படத்தை அரைமணி நேரம் பார்த்திருப்பேன். அதை வரைந்த சங்கர் 2020ல் காலமானார். பத்மஸ்ரீ 2021ல், அவர் போன பிறகு வந்தது. அம்புலிமாமாவும் இப்போது வருவதில்லை.

தாசி கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க. சுடுகாட்டில் பிணத்தைத் தூக்கி வருகிற கதையைப் படித்து நாமெல்லாம் கெட்டா போனோம்?

பாகூரிலிருந்து நாலு வயல் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே அரசுப் பள்ளியில் படிக்கும் என் அக்கா மகள் கையில் குட்டிக் குட்டிப் படக்கதைப் புத்தகங்கள் பார்த்தேன். தமிழக அரசு 2023ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக 53 புத்தகம் போட்டார்களாம். என் மகள் பையில் அப்படி ஒன்றும் நான் கண்டதில்லை. நம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, மாறட்டும். தில்லியில் அச்சடிக்கிற பாடப்புத்தகத்தில் முத்திரையர்பாளையத்துக் குளம் வருமா?

கதைக்கும் பஞ்சமில்லை. 2021ல் மறைந்த கி.ரா. ஐயா, புதுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் இந்த வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்திருக்கிறார். பத்து கதையை எடுத்து, நம்ம ஊர் ஓவியர்களைக் கொண்டு படம் போட்டு, பதினாறு பக்கப் புத்தகமாக ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை கொடுப்பதற்குக் கல்வித்துறைக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

இப்போதைக்குப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மகளே வரைகிறாள். ராஜா வந்துவிட்டார், மீசையோடு. ஆயி எந்த மாதிரி புடவை கட்டியிருப்பாள் என்று கேட்கிறாள். மாமியாருக்கும் தெரியவில்லை.

- ஒரு வாசகி, பாகூர்.