ராகு காலமும் நம் காலமும்

இன்று யாரைக் கேட்டாலும், "நேரமே போதவில்லை, வாழ்க்கை ஒரே சிக்கலாய்ப் போய்விட்டது" என்பதாகவே சொல்லிக்கொள்ளுகிறார்கள். பட்டணத்துக்காரர் மாத்திரமல்ல, கிராமத்தாரும் இப்படித்தான் பேசுகிறார்கள். இதற்கு வழி சொல்லப் புறப்பட்டவர்களோ, சாமானைக் குறை, ஆசையைக் குறை, மனதை அடக்கு என்று உபதேசம் செய்கிறார்களே தவிர, ஒரு மனிதனுடைய ஒரு நாள் பொழுது யாருடைய கையில் இருக்கிறது என்பதைக் கேட்பதே இல்லை. நாம் அதைத்தான் கேட்க விரும்புகிறோம்.

காலையில் எழுந்ததும் சுவரில் தொங்குகிற தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழிக்கிறோம். அதில் தேதி இருப்பது நியாயம். ஆனால் தேதிக்குக் கீழே ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம், சந்திராஷ்டமம் என்று ஒரு பெரிய பட்டாளமே நிற்கிறது. திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகு காலம், 10.30 முதல் 12 வரை எமகண்டம். அதாவது, ஒரு மனிதன் வேலைக்குப் புறப்படுகிற நேரமும் ஆகாது, வேலை சூடுபிடிக்கிற நேரமும் ஆகாது. குளிகையை நாம் தள்ளுபடி செய்துவிடுவோம். மீதி இரண்டுக்கு மாத்திரம் தினம் 3 மணி நேரம். பகல் 12 மணியில் இது கால் பங்கு. வருஷத்துக்கு 1,095 மணி; இரவும் பகலும் சேர்த்துக் கணக்கிட்டால் 45 நாட்களுக்கு மேல் ஆகிறது. கூலியில் கால் பங்கை ஒரு முதலாளி பிடித்துக்கொண்டால் நாம் சும்மா இருப்போமா? பகல் பொழுதில் கால் பங்கைக் கேட்கிற தாளை மாத்திரம் காசு கொடுத்து வாங்கி, ஆணியடித்து மாட்டிக்கொள்ளுகிறோம்.

இந்த ராகு யார்? ஆகாயத்தில் அப்படி ஒரு கிரகமே கிடையாது. சந்திரன் போகிற பாதையும், சூரியன் போவதாக நமக்குத் தோன்றுகிற பாதையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளுகிற ஒரு புள்ளிக்கு வைத்த பெயர் அது. கிரகணம் நிழலால் உண்டாவது என்று ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டு நூலிலேயே சொல்லியாய்விட்டது. கடிகார சங்கதி இன்னும் வேடிக்கையானது. சூரியன் உதித்ததிலிருந்து அடைகிற வரை எட்டாகப் பங்கு போட்டால் வருவது ராகு காலம் என்கிறார்கள். சூரியன் சென்னையில் ஜனவரியில் 6.30-க்கு மேலும், ஜூனில் 6-க்கு முன்பும் உதிக்கிறான். பெரும்பாலான நாட்காட்டிகளில் 7.30 என்றால் வருஷம் முழுவதும் 7.30 தான். 1906-க்கு முன் சென்னைக் கடிகாரம் இன்றைய கடிகாரத்துக்குச் சுமார் 9 நிமிஷம் பின்னால் ஓடிற்று. யுத்த காலத்தில் 1942 முதல் 1945 வரை சர்க்கார் உத்தரவால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். சர்க்கார் உத்தரவுக்கு ராகு பகவானும் கீழ்ப்படிந்தாரா என்று சோதிடர்கள்தான் சொல்ல வேண்டும்.

சூலத்தைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. திங்களும் சனியும் கிழக்கே சூலம். தயிர் சாப்பிட்டால் நிவர்த்தியாம். தயிர் சாப்பிட்டவரும் சாப்பிடாதவரும் ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே நேரத்தில்தான் இறங்குகிறார்கள்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமானால் நாம் இவ்வளவு எழுத மாட்டோம். நமது தெருவிலே ஒரு தோழர். பாடுபட்டுப் பிழைக்கிறவர். மூத்த பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணத்தை நேரில் கட்ட வேண்டும். கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அங்கும் இங்கும் புரட்டிப் பணம் கைக்கு வரும்போது மணி 3. செவ்வாய் 3 முதல் 4.30 வரை ராகு காலம். "முதல் முதலாகப் படிப்புக்குப் பணம் கட்டுகிறோம், அண்ணே, ஒன்றரை மணி நேரந்தானே" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். 4.30-க்குப் புறப்பட்டுப் போய்ச் சேருவதற்குள் பணம் வாங்குகிற இடம் மூடியாய்விட்டது. மறுநாள் அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. அந்தப் பெண் இன்று ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டு சேலை விரித்துக் காட்டுகிறாள். நாமும் அன்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாமல், ராகு பொய் என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அது நம்முடைய தப்பிதமேயாகும்.

நம்மவருக்குக் கட்டுப்பாடு இல்லை என்று சிலர் சொல்லுவதை நாம் ஒப்புக்கொள்ளுவதில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷமும் முந்தாமல், பிந்தாமல் காத்திருந்த அந்தத் தோழரிடம் இல்லாத கட்டுப்பாடா? உபவாசத்தில் தண்ணீரும் குடிக்காத நம் பெண்களிடம் இல்லாத கட்டுப்பாடா? கட்டுப்பாடு ஏராளமாய் இருக்கிறது. அது நம்முடைய காரியத்துக்குச் செலவாவதில்லை என்பதுதான் சங்கடம். இன்று எனக்கு முடிய வேண்டிய காரியம் இது என்று ஒன்றைத் தானே தீர்மானித்துக்கொண்டு எழுந்திருக்கிறவனுக்கு, அதற்கு வேண்டாதது எது என்று வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை. பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும். தீர்மானம் இல்லாதவனுக்கோ, தாள் சொல்லுவதும், சோதிடன் சொல்லுவதும், பக்கத்து வீட்டுக்காரி தும்முவதும் எல்லாம் உத்தரவுதான்.

நமது தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பஞ்சாங்கத்தைக் கொளுத்தியாய்விட்டது என்று மார்தட்டுகிறவர்களிலும் பலர், காலையில் டீக்கடைப் பெஞ்சில் இரண்டு மணி நேரமும், இரவில் கைப்பேசியைத் தடவிக்கொண்டு மூன்று மணி நேரமும் கழிக்கிறார்கள். ராகுவாவது ஒன்றரை மணியில் ஆளை விட்டுவிடுகிறது. இதற்கு எல்லையே கிடையாது. ராகுவுக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவனுக்கும், சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கும் கணக்கில் என்ன வித்தியாசம் என்று அவர்களே சொல்லட்டும்.

நிற்க, அந்தத் தோழரின் இளைய பெண் வரும் ஆண்டு பரீட்சை எழுதுகிறாள். பணம் கட்டுகிற அன்று காலையிலேயே நாமும் கூட வந்துவிடுகிறோம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். "அவசியம் வாருங்கள், அண்ணே" என்றார். சற்றுத் தூரம் போனவர் திரும்பி வந்து, கிழமை மாத்திரம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.