மலிவுப் பக்கட்டைப் பழித்து என்ன பயன்?

கண்டி நகரிலும் அதனைச் சூழவுள்ள கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை போன்ற ஊர்களிலும் பலசரக்குக் கடை நடத்தும் எம்மவர்கள் நால்வர் கூடினால், பேச்சு எப்படியோ சுப்பர் மார்க்கெட்டில் வந்து நிற்கிறது. "கையில் காசு உள்ளவர்கள் அங்கே போகிறார்கள் ஹாஜியார், கொப்பியில் எழுதச் சொல்பவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள்" என்பது முதல் முறைப்பாடு. "அவர்கள் தங்கள் பெயரை அச்சடித்து விற்கும் மலிவுப் பக்கட் எல்லாம் மூன்றாம் தரச் சாமான்" என்பது அடுத்து வரும் ஆறுதல்.

முறைப்பாட்டில் உண்மை இருக்கிறது. ஆறுதலில்தான் உண்மை குறைவு. போட்டியாளரின் பொருள் தரம் கெட்டது என்று நம்பிக்கொண்டு கல்லாவில் அமர்ந்திருக்கும் வியாபாரி, வாடிக்கையாளர் ஏன் போனார் என்பதைக் கடைசி வரை அறியமாட்டார். எனவே இந்த வாரம் அந்த மலிவுப் பக்கட்டைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன்.

சென்ற மாதம் நானே சில பொருட்களை வாங்கிப் பார்த்தேன். மைசூர் பருப்பு, சீனி, உப்பு, மிளகாய்த்தூள், சம்பா அரிசி, தேயிலை ஆகிய ஒவ்வொன்றிலும் சுப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயர் பக்கட் ஒன்று, விளம்பரத்தில் வரும் கம்பனிப் பக்கட் ஒன்று, பஸாரில் நிறுத்து வாங்கியது ஒன்று என மூன்று வகை. பருப்பு, சீனி, உப்பு ஆகியவற்றில் எனக்கோ என் வீட்டாருக்கோ வித்தியாசம் தெரியவில்லை. கல், உமி நீக்கிய விதத்தில் சொந்தப் பெயர் பருப்பு பஸார் பருப்பை விடச் சுத்தமாகவே இருந்தது. அரிசியில் குறுணல் சற்று அதிகம். தேயிலையில் சாயம் இருந்தது, வாசனை குறைவு. மிளகாய்த்தூளில் மட்டும், கண் முன்னே அரைத்துத் தரும் எமது ஆலைத் தூளுக்கு அருகில் எந்தப் பக்கட்டும் வரவில்லை.

இது ஆய்வுகூடப் பரிசோதனை அல்ல. ஆனால் ஒரு பலசரக்குக் கடைக்காரரின் கண்ணும் நாக்கும் சொல்வதை நாம் தள்ளிவிட முடியாது. பதப்படுத்தல் குறைந்த, ஒரே மாதிரியான பொருட்களில் மலிவுப் பக்கட் நல்ல பொருள்தான். கலவையும் கைப்பக்குவமும் தேவைப்படும் பொருட்களில்தான் அது பின்தங்குகிறது. எமக்கு எங்கே இடமிருக்கிறது என்பதையும் இதுவே காட்டுகிறது.

எப்படி மலிவாகிறது?

தரத்தைக் குறைத்துத்தான் விலையைக் குறைக்கிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் ஒரு கம்பனிப் பக்கட்டின் விலைக்குள் பொருளின் விலை மாத்திரமா இருக்கிறது? தொலைக்காட்சி விளம்பரம், விற்பனைப் பிரதிநிதியின் சம்பளம், வாகனம், விநியோகஸ்தரின் பங்கு, பரிசுத் திட்டங்கள் என எல்லாம் அதற்குள் அடக்கம். சொந்தப் பெயர் பக்கட்டுக்கு இவற்றில் பெரும்பாலானவை தேவையில்லை. இறாக்கையும் அவர்களுடையது, பெயரும் அவர்களுடையது. ஆலையிடம் மொத்தமாக ஓடர் கொடுக்கிறார்கள். இயந்திரம் சும்மா நிற்கும் நேரத்தில் ஓடினால் போதும் என்று ஆலைக்காரரும் குறைந்த இலாபத்துக்குச் செய்து கொடுக்கிறார். பல நாடுகளில் பெயர் பெற்ற கம்பனியின் பொருளும் கடைப் பெயர் பொருளும் ஒரே ஆலையிலிருந்து வெளிவருவதுண்டு.

இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டு சென்றவர்கள் ஜெர்மனியின் அல்பிரெக்ட் சகோதரர்கள். எசென் நகரில் தாயார் நடத்திய சிறு பலசரக்குக் கடையை 1946இல் கார்ல், தியோ என்ற இருவரும் பொறுப்பேற்றனர். யுத்தத்தால் நாடு சிதைந்திருந்த காலம் அது. விற்பனையாகாத பொருளை இறாக்கையில் வைக்கவில்லை, அலங்காரம் செய்யவில்லை, விளம்பரத்துக்குச் செலவழிக்கவில்லை. 1962இல் அல்டி என்ற பெயரைச் சூட்டினர். இன்று அக்கடைகளில் விற்பனையாகும் பொருட்களில் பெரும்பகுதி அவர்களது சொந்தப் பெயர் பொருட்களே. கடனுக்கும் அஞ்சி, ஒவ்வொரு சதத்தையும் எண்ணிய ஒரு சிறு கடைக்காரர் குடும்பம்தான் இதைச் செய்தது என்பது எமது கவனத்துக்குரியது.

எமது நாட்டுக் கதை

அல்டியின் அசல் மாதிரி எமது நாட்டில் இல்லை. ஆனால் அதன் அம்சங்கள் பல வந்துவிட்டன. கண்டி தலதா வீதியில் நாம் எல்லோரும் அறிந்த கார்கில்ஸ் நிறுவனம் 1844இல் ஆரம்பமானது. 1983இல்தான் அது பூட் சிட்டி என்ற பெயரில் சுப்பர் மார்க்கெட் துறைக்குள் வந்தது. கிஸ்ட் ஜேம், கொத்மலை பால், மெஜிக் ஐஸ்கிறீம் ஆகியன அதே குழுமத்தின் உற்பத்திகள். 1999இல் ஹங்குரன்கெத்தையில் மரக்கறிச் சேகரிப்பு நிலையம் அமைத்து, விவசாயியிடம் நேரடியாகக் கொள்வனவு செய்யத் தொடங்கினார்கள். கண்டியிலிருந்து சிறிது தூரத்திலுள்ள ஊர் அது. அந்த மலைப்பகுதி மரக்கறி கைமாறி வரும் வழியில் எம்மவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கீல்ஸ் தனது பெயரிலேயே பலசரக்குப் பொருட்களைப் பொதி செய்து விற்கிறது. மலிவு விலை என்ற எண்ணத்துக்கு எமது மக்களிடம் பழைய பெயர் சதொச. 1943ஆம் ஆண்டு யுத்தகாலத் தட்டுப்பாட்டில் பிறந்த கூட்டுறவு மொத்த விற்பனை நிலையத்தின் வழிவந்தது அது. ஆக, குறைந்த விலையில் நிச்சயமான தரம் என்ற விடயம் எமது வாடிக்கையாளருக்குப் புதிதல்ல.

2022ஆம் ஆண்டு அதைக் கட்டாயமாக்கியது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. முந்தைய வருடம் ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்குக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் என்ற நிலை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. பழகிய கம்பனிப் பக்கட்டை விட்டுவிட்டு மலிவான பக்கட்டை ஒருமுறை பரீட்சித்துப் பார்த்த குடும்பங்கள் ஏராளம். பொருள் நன்றாக இருந்தால் அவர்கள் ஏன் திரும்பி வர வேண்டும்?

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

எமது வீடுகளுக்கும் இது பயன்படும் என்பதால் சில குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பக்கட்டின் விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் பாருங்கள். உதாரணமாக 400 கிராம் பக்கட் 380 ரூபா, 500 கிராம் பக்கட் 450 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முதலாவது மலிவு போலத் தோன்றும். கணக்குப் போட்டால் அது கிலோ 950 ரூபா, மற்றையது 900 ரூபா. அளவைக் குறைத்து விலையை அப்படியே வைப்பது இப்போது சர்வசாதாரணம்.

இரண்டாவது, பின்பக்கத்தை வாசியுங்கள். முன்பக்கத்தில் கடையின் பெயர் இருந்தாலும், பொதி செய்தவர் யார் என்பது பின்னால்தான் இருக்கும். திகதி, தொகுதி இலக்கம், நிறை, உச்ச சில்லறை விலை ஆகியவற்றையும் பாருங்கள். எஸ்.எல்.எஸ். இலச்சினை இருந்தால் இலங்கை தரக் கட்டளைகள் நிறுவனத்தின் சான்று அது.

மூன்றாவது, ஹலால் விடயம். பருப்பு, சீனி, அரிசி போன்றவற்றில் பிரச்சினை இல்லை. சொசேஜஸ், சோஸ், சூப் கட்டி, கேக், ஐஸ்கிறீம் போன்றவற்றில் கவனம் தேவை. சொந்தப் பெயர் பொருளை இன்று ஓர் ஆலையும் அடுத்த வருடம் வேறோர் ஆலையும் செய்யக்கூடும். பக்கட்டின் நிறமும் பெயரும் மாறாது. எனவே ஒருமுறை பார்த்தோம், போதும் என்றிருக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டின் ஹலால் சர்ச்சையின் பின்னர் 2014 முதல் சான்றிதழ் வழங்கும் பணி அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவிடமிருந்து ஹலால் சான்றுறுதிப் பேரவைக்கு மாறியதையும் நினைவில் கொள்க.

எமது கடையின் பெயர்

இனி எமது விடயத்துக்கு வருவோம். சொந்தப் பெயர் பொருள் என்பது சுப்பர் மார்க்கெட்காரர்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல. எமது மூத்தவர்களின் காலத்தில் அரிசி மூட்டைக்கு விளம்பரம் இருந்ததா? "இன்ன ஹாஜியார் கடை அரிசி, இன்ன நானா கடைக் கொத்தமல்லி" என்றுதான் சனங்கள் சொன்னார்கள். சிங்கள, தமிழ் வாடிக்கையாளர்களும் அதே பெயரைக் கேட்டுத்தான் வந்தார்கள். சாமானைத் தெரிவு செய்து, புடைத்து, "இதற்கு நான் பொறுப்பு" என்று கடைக்காரர் சொன்ன சொல்தான் அன்றைய வர்த்தக நாமம். பின்னர் கம்பனிகளின் பக்கட்டுகள் வந்தபோது, தெரிவு செய்யும் வேலையைக் கம்பனியிடம் விட்டுவிட்டு, நாம் பக்கட்டை இறாக்கையிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்களாக மாறினோம். நாம் கைவிட்ட வேலையைத்தான் சுப்பர் மார்க்கெட் எடுத்துக்கொண்டது.

அதை மீட்டெடுக்க ஒரு கடையால் முடியாது. இருபது கடைகளால் முடியும். ஜெர்மனியில் மிகப் பெரிய சில்லறை உணவு வணிகம் அல்டி என்று பலர் நினைப்பர். அல்ல. 1898இல் பேர்லினில் சிறு பலசரக்குக் கடைக்காரர்கள் கொள்வனவுக்காக ஒன்றுசேர்ந்து ஆரம்பித்த கூட்டுறவிலிருந்து வளர்ந்த எதேகாதான் அது. கடைகளில் பெரும்பாலானவை இன்றும் தனித்தனி முதலாளிகளுடையவை. கொள்வனவும் சொந்தப் பெயர் பொருட்களும் பொதுவானவை.

எமது பகுதியில் இதற்கு என்ன குறை? மாத்தளை, கண்டி மாவட்டங்களின் மிளகும் கராம்பும் சாதிக்காயும் எம்மவர்கள் கைவழியே போகின்றன. அரைக்கும் ஆலைகள் எம்மிடம் உள்ளன. நான் மேலே சொன்னபடி, தூள் வகைகளில் பெரிய பக்கட்டுகள் எம்மை நெருங்கவில்லை. பத்துப் பதினைந்து கடைகள் சேர்ந்து மிளகாய்த்தூள், கறித்தூள், மிளகு, கராம்பு என ஐந்து பொருட்களை ஒரே பெயரில், ஒரே தரத்தில் பொதி செய்யட்டும். பெயரை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யட்டும். பருப்பையும் சீனியையும் சேர்ந்து மொத்தமாக வாங்கட்டும். ரமழானுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பேரீச்சம்பழத்துக்கு ஒன்றாக ஓடர் கொடுக்கட்டும்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. எமது விலைக்குள் கடன் கொப்பியின் சுமையும் ஏறியிருக்கிறது. ரொக்கம் கொடுப்பவரும் கடன்காரருக்காகச் சேர்த்துக் கொடுக்கிறார். அவர்தான் முதலில் சுப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார். ரொக்க விலை, தவணை விலை எனப் பிரிப்பதன் மார்க்க வரையறையை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்து, ரொக்க வாடிக்கையாளருக்கு உரியதைக் கொடுப்பது அவசியம். அதே வேளை, கஷ்ட காலத்தில் கொப்பியில் எழுதிக் கொடுப்பது எந்த சுப்பர் மார்க்கெட்டும் செய்யாத சேவை. அதை இழக்கவும் கூடாது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 1997இல் சென்னையில் சுபிக்ஷா என்ற மலிவு விலைக் கடை ஆரம்பமானது. சில வருடங்களில் இந்தியா முழுவதும் சுமார் 1,600 கடைகள். கடனில் வேகமாக விரிந்து, 2009இல் ஊழியருக்கும் சாமான் தந்தவருக்கும் பணம் கொடுக்க முடியாமல் மூடப்பட்டது. மலிவு மாத்திரம் ஒரு வியாபாரத்தைக் காப்பாற்றாது. கூட்டாகச் செய்யும்போது கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும், பங்கு எழுத்தில் இருக்க வேண்டும், விலகும் விதமும் எழுத்தில் இருக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூறா பகராவில் அல்லாஹ் கட்டளையிட்டிருக்கையில், "எங்களுக்குள் எதற்கு எழுத்து?" என்று கேட்டு எத்தனை கூட்டு வியாபாரங்கள் எம் கண் முன்னே உடைந்தன!

எல்லாவற்றுக்கும் மேலானது நாணயம். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அனைவரும் அறிந்ததே. நனைந்ததை மேலே வைக்கச் சொன்னார்கள். சொந்தப் பெயரில் பொதி செய்பவர் பக்கட்டை ஒட்டியவுடன் உள்ளே இருப்பது மறைந்துவிடுகிறது. மிளகாய்த்தூளில் மா கலந்தால், மிளகில் பப்பாசி விதை கலந்தால், 500 கிராமில் 20 கிராம் குறைந்தால், கெடுவது ஒரு கடையின் பெயர் அல்ல. இருபது கடைகளின் பெயர், அதற்கப்பால் ஒரு சமூகத்தின் பெயர்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் எமது கடைகள் எரிந்தன. 2019இன் பின்னர் எமது கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பிரசாரத்தையும் சந்தித்தோம். அந்த நிலையிலும் பெரும்பான்மைச் சமூகத்து வாடிக்கையாளர் பலர் எம்மைத் தேடி வந்தார்கள் என்றால், தராசும் சாமானும் சரியாக இருந்த கடைகளின் பெயர்தான் காரணம். அந்தப் பெயரைப் பக்கட்டில் அச்சிடும் காலம் வந்திருக்கிறது. அடுத்த ரமழானுக்கு முன் ஐந்து கடைகளாவது இதற்காக ஒன்றுகூடினால் நல்லது. அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.