இல்லாத வாசகமும் இருக்கும் கற்களும்

சக சிற்றிதழ் ஒன்று கல்லறைகளைப் பற்றி ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது. காலனியக் கல்லறைத் தோட்டங்கள் ஆதிக்கத்தின் எச்சம், அவற்றைப் பாதுகாக்க நினைப்பது அடிமைப்புத்தி என்கிறது முதலாவது. சில பக்கங்கள் தள்ளி இரண்டாவது கட்டுரை, ஜி.யு. போப் தன் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ என்று பொறிக்கச் சொன்னதை எண்ணிக் கண்ணீர் உகுக்கிறது. இரண்டையும் ஆசிரியர் குழுவில் யாரும் சேர்த்துப் படித்ததாகத் தெரியவில்லை.

போப்பின் கல்லறையில் அப்படியொரு வாசகமே இல்லை. ஆக்ஸ்போர்டின் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. தென்னிந்தியாவின் போப், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரிக் குருவானவர், பிறப்பு 24 ஏப்ரல் 1820, இறப்பு 11 பிப்ரவரி 1908. அதற்குக் கீழே, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் வைத்த கல் இது என்ற குறிப்பு. நம்மவர்கள் கடல் கடந்து கைகொடுத்த கல்! இதைப் பேச ஆளில்லை. பட்டிமன்றத்துக்குப் பட்டிமன்றம் கைதட்டல் வாங்குவது இல்லாத வாசகம்தான்.

அதே தோட்டத்தில்தான் பிளேட்டோவை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஜோவெட்டும் கிடக்கிறார். வயதாகிவிட்டதே என்று தயங்கிய போப்பிடம், கையில் பெரிய வேலை ஒன்று இருந்தால் ஆயுள் நீளும் என்று சொல்லித் திருவாசக மொழிபெயர்ப்பை முடிக்கத் தூண்டியவர் அவர். 1900இல், தன் எண்பதாம் பிறந்தநாளில், போப் அதன் முன்னுரையை முடித்தார். அதற்குள் ஜோவெட் போய்ச் சேர்ந்திருந்தார். அடக்கத்துக்கு முன் ஜெபம் சொல்ல அங்கே இருந்த சிற்றாலயத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். ஆக, பழைய கட்டடத்தைத் தொலைக்கும் கலையில் வெள்ளைக்காரன் நமக்கு இளைத்தவன் அல்ல.

முதல் கட்டுரையின் பின்காலனியத்துக்கு வருவோம். சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. 1680இல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸும், 1688இல் இறந்த டேவிட் என்ற குழந்தையும் அதில் கிடக்கிறார்கள். ஹின்மர்ஸின் விதவையை அதே 1680இல் மணந்துகொண்ட எலைஹு யேலின் மகன் டேவிட். யேல் மதராஸ் ஆளுநராக இருந்த காலத்தில்தான் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேறினார்கள். 1718இல் அவர் அனுப்பிய சரக்கில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குப் பெயர் கிடைத்தது. அந்தக் கல்லறையை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி 2023இல் ஒரு தீர்ப்பும் வந்தது. யேலைக் கூண்டில் ஏற்ற விரும்புபவர், அவர் பெயரோடு இந்த மண்ணில் நிற்கும் சாட்சியை முதலில் அப்புறப்படுத்தச் சொல்வாரா? நம் நண்பர் சொல்கிறார்.

ஒரு காலத்தில் அந்த இடம் முழுக்கக் கல்லறைகள். 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படைக்கு அவை நல்ல மறைவிடமாயின. ஆகவே முற்றுகை முடிந்ததும் கல்லறைகளைக் கலைத்து, கற்களைக் கோட்டைக்குள் புனித மரியாள் தேவாலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். இன்று அங்கே போகிறவர்கள் லத்தீனை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். 1905இல் கல் கல்லாக வாசித்து மதராஸ் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார் ஜே.ஜே. காட்டன். ஐ.சி.எஸ். அதிகாரி, ஆதிக்கத்தின் ஆள்தான். அவர் வாசித்தார் என்பதை என்ன செய்வது?

எங்களுக்கு இதில் ஒரு சொந்தப் பாசமும் உண்டு. அரண்மனைக்காரன் தெருவின் ஆர்மீனியத் தேவாலய முற்றத்தில், 1824இல் இறந்த பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோன்யான் அடக்கமாகியிருக்கிறார். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’, 1794இல் இதே சென்னையில் அவர் கொண்டுவந்தது. 1796இல் நின்றுபோனது. பிள்ளைகளைப் பறிகொடுத்த துக்கத்தோடு பாரசீகத்திலிருந்து வந்த மனிதர், சொந்த மொழி பேசுவோர் கைவிரலில் அடங்கும் ஊரில் அச்சுக் கோத்திருக்கிறார். சந்தா நினைவூட்டல் எழுதிக் கை ஓய்ந்தவர்களுக்கு இவர் குலமுதல்வர். இவரையும் ஆதிக்கக் கணக்கில் எழுதுவதா?

நடுகல்லை நெகிழ்ந்து பேசுகிறோம். அப்படிப் பேசுகிற ஆளே பழவேற்காட்டு டச்சுக் கல்லறை வாயிலின் எலும்புக்கூடுகளோடு படம் எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர் யார் என்று பாராமல் திரும்பிவிடுகிறார். வேறு சில இடங்களில் அன்பே வினையாகிறது. கல்லறைத் திருநாளுக்கு அடிக்கும் சுண்ணாம்பு எழுத்துக்குள் ஏறி இறுகுகிறது. வெடிப்பில் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பழைய சுண்ணாம்புச் சாந்தைப் பொடியாக்குகிறது. முதலில் ஒரு மைப்படி எடுங்கள், பூச்சை அப்புறம் பார்க்கலாம் என்றால் கேட்பாரில்லை.

கல்லை விடுங்கள், காகிதத்தையாவது வாசிக்கிறோமா? பின்னட்டையைப் பார்த்து மதிப்புரை, மதிப்புரையைப் பார்த்து மறுப்பு, மறுப்பைப் பார்த்து விருது. ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று தொண்ணூறுகளில் இங்கே முழங்கியவர்கள் எத்தனை பேர் அந்தக் கட்டுரையைப் படித்திருந்தார்கள்? போப்புக்குக் கல்வெட்டு கற்பித்ததும் இந்தப் பழக்கம்தான். நம்மிடம் பாராட்டுப் பெறுகிறவருக்கு அவர் எழுதாததையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். வசவு வாங்குகிறவர் எழுதியதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

இதற்கு வரும் மறுப்புகளுக்கு அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கல்லறையை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் படத்தையும் சேர்த்து அனுப்பவும். எழுத்துகள் தெரிய வேண்டும்.