எங்கும் ஓடுமாம் ஜாவா!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நேரத்தின் அருமையைப் பற்றியோ நட்பின் பெருமையைப் பற்றியோ எழுதலாமென்றுதான் முதலில் எண்ணினேன். பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். அவ்விரண்டையும் பற்றி முன்னோர்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஆகவே, எனக்கு நேர்ந்த ஒன்றையும் அதன் பயனாக எனக்குள் எழுந்த ஒரு கருத்தையும் மட்டும் எழுதுகிறேன். கருத்தில் பிழை இருப்பின் ஆசிரியர்கள் வகுப்பிலேயே என்னைத் திருத்தலாம்.

சென்ற பருவத்தின் உள்மதிப்பீட்டுத் தேர்வில், ‘ஜாவா மொழியின் சிறப்பியல்புகள் யாவை?’ என்றொரு வினா வந்தது. ‘ஒருமுறை எழுதினால் போதும், எங்கும் ஓடும்’ என்பதை முதற் சிறப்பாக எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. அதே வாரம் சனிக்கிழமை, ஆய்வகத்தில் ஓட்டிக் காட்டிய என் நிரலைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். புதன்கிழமை மாதிரிச் செய்முறைத் தேர்வு. நிரலில் இன்னும் இரண்டு மாற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது. எங்கும் ஓடும் என்று நான் எழுதி மதிப்பெண் வாங்கிய அந்த ஜாவா, எங்கள் வீட்டுத் திண்ணையில் மட்டும் ஓட மறுத்துவிட்டது!

வீட்டில் இருப்பது என் பெரியப்பா மகனுடைய பழைய மடிக்கணினி. பேட்டரி இறந்துபோய், கம்பியைச் செருகினால் மட்டும் உயிர்க்கும். விண்டோஸ் அதில் ஆமை வேகத்தில் ஊர்ந்ததால், மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் அதை அழித்துவிட்டு டெபியன் 11 என்னும் லினக்ஸை ஏற்றித் தந்தார். லினக்ஸ் என்பது யூனிக்ஸின் வாரிசு அன்று. ஆனால் யூனிக்ஸைப் போலவே நடந்துகொள்வது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தது. அதன் நடை உடை பாவனைகளைப் பின்பற்றி 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். அதிலுள்ள கறுப்புத் திரையில் ‘ஜாவா’ என்று தட்டினேன். ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றது.

ஜாவாவே இல்லாதபோது அது வேறென்ன சொல்லும்? வீட்டில் இணையம் என்பது அக்காவின் கைப்பேசியில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் அளவுதான். எனவே நண்பன் ஒருவனிடமிருந்த பழைய ஜாவா 8 தொகுப்பை வாங்கி வந்து அடைவில் விரித்து வைத்தேன். யூனிக்ஸ் வகைக் கணிப்பொறி, நாம் நிற்கும் அடைவில் தானாகத் தேடாது. எங்கே தேட வேண்டும் என்று ‘பாத்’ என்னும் பட்டியலில் எழுதியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் தேடும். விண்டோஸின் கறுப்புத் திரையில் பழகியவர்கள் இங்கே முதலில் தடுக்கி விழுவார்கள். நானும் விழுந்து எழுந்து, முழு முகவரியையும் கொடுத்து ஓட்டினேன். இம்முறை, ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வந்தது. அப்படியொரு கோப்பே இல்லையாம்!

கோப்புகளைப் பட்டியலிட்டால் கண்ணெதிரே இருக்கிறது. ஓட்டினால் இல்லை என்கிறது. சனி, ஞாயிறு இரண்டு இரவுகள் இதிலேயே போயின. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். ‘சச்’ என்ற சொல்லுக்கு நான் அறியாத வேறு பொருள் இருக்குமோ என்று அகராதியைக்கூடப் புரட்டினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் தந்தை ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இரவு பன்னிரண்டு மணிக்கு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு வந்து, “என்ன தம்பி, இன்னும் தூங்கலையா?” என்றார்.

“கண்ணு முன்னாடி இருக்குப்பா. ஆனா இல்லேங்குது.”

அவர் சற்று நேரம் திரையைப் பார்த்தார். “மோட்டார் நல்லாத்தான் இருக்கும். மூணு ஃபேஸ்ல ஒண்ணு வரலேன்னா உறுமும், சுத்தாது. அதுக்காக நாங்க மோட்டாரையா மேல தூக்குவோம்? ஃபியூஸ் கேரியரைத்தான் முதல்ல பாப்போம். இதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாரு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அவருக்கு ஜாவா தெரியாது. ஆனால் ஒரு பொருள் ஓட வேண்டுமானால் அதற்கு முன்னால் இன்னொன்று இருந்தாக வேண்டும் என்பது தெரியும்.

மறுநாள் அந்த மூன்றாம் ஆண்டு அண்ணனிடம் கேட்டேன். ‘ஃபைல்’ என்றொரு கட்டளை இருக்கிறது, அதைக் கொண்டு கோப்பின் சாதகத்தைப் பார் என்றார். பார்த்தால், நண்பன் தந்த ஜாவா 32 பிட் வகை. என் கணிப்பொறியிலிருந்த டெபியனோ 64 பிட் வகை. லினக்ஸில் இத்தகைய நிரலொன்றை நினைவகத்தில் ஏற்றி, அதற்கு வேண்டிய நூலகக் கோப்புகளை இணைத்துவிட ‘லோடர்’ என்னும் சிறு நிரல் வேண்டும். 32 பிட் நிரலுக்குரிய லோடர் என் கணிப்பொறியில் இல்லை. ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று புலம்பியது அந்த லோடரைப் பற்றி! ஆனால் திரையில் அச்சிட்டதோ ஜாவாவின் பெயரை. சொன்னது உண்மை, சுட்டிக்காட்டிய விரல்தான் தவறு.

பிறகு அக்காவிடம் கெஞ்சி இணையம் வாங்கி, டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து ஜாவாவை ஒரே கட்டளையில் இறக்கினேன். வந்தது ஜாவா 11. ஆய்வகத்தில் தொகுத்து எடுத்து வந்த வகுப்புக் கோப்பை ஓட்டினேன். இப்போது வேறொரு பிழை: இந்தக் கோப்பின் பதிப்பு 61, எனக்குப் புரிவதோ 55 வரைதான் என்றது. ஒவ்வொரு வகுப்புக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளில் ‘கேஃப் பேப்’ என்று பதினாறடிமான எழுத்துகளில் ஒரு விளையாட்டு முத்திரை இருக்கிறது. அதை அடுத்து வருவது பதிப்பெண். ஜாவா 8-க்கு 52, 11-க்கு 55, 17-க்கு 61. நம் ஆய்வகத்தில் இருப்பது 17. ஆக, ‘எங்கும் ஓடும்’ என்பதில் ‘என்னைவிடப் பழைய ஜாவாவில் ஓடமாட்டேன்’ என்ற நிபந்தனை ஒளிந்திருக்கிறது! மூல நிரலை வீட்டிலேயே 11-இல் மறுபடி தொகுத்திருந்தாலும் போதும். ஆனால் எனக்கு வீம்பு. 17-ஐயே இறக்கினேன். செவ்வாய் இரவு 11.40-க்கு என் நிரல் ஓடியது. வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள், சொல்ல ஆளில்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

நம் குறிப்பேட்டில் இருப்பது பாதி உண்மை. எங்கும் கொண்டு செல்லத்தக்கது நாம் தொகுத்த பைட்கோடு. அதை ஓட்டுகிற ஜே.வி.எம். அப்படிப்பட்டதன்று. நினைவகம் கேட்பது, கோப்பைத் திறப்பது, இழைகளைப் பிரித்து ஓட்டுவது ஆகிய யாவும் ஒவ்வோர் இயக்க முறைமையிலும் ஒவ்வொரு விதம். செயலியின் கட்டளைகளும் வெவ்வேறு. ஆகவே ஒவ்வொரு தளத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, அந்தத் தளத்துக்கென அதை ஓட வைத்திருக்க வேண்டும். யார் அவர்கள்? அந்தக் கேள்விக்கு மதிப்பெண் இல்லாததால் நாம் கேட்பதில்லை. நான்கு இரவு விழித்தவன் என்ற உரிமையில் நான் தேடிப் படித்தேன்.

1995-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது, தன் சொந்த யூனிக்ஸான சோலாரிசிலும் விண்டோஸிலும் ஓடும்படி செய்து தந்தது. லினக்ஸுக்குத் தரவில்லை. சில தொண்டர்கள் சன்னின் உரிம நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு மூலநிரலைப் பெற்று, தங்கள் ஓய்வு நேரத்தில் லினக்ஸில் ஓட வைத்தார்கள். அவர்களுடைய குழுவுக்குப் பிளாக்டவுன் என்று பெயர். 1999 டிசம்பரில் சன்னும் இன்பிரைஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து லினக்ஸுக்கான ஜாவாவை அறிவித்தன. அந்த அறிவிப்பில் பிளாக்டவுன் தொண்டர்களுக்கு நன்றி இல்லை! குழுவினர் கொதித்துப்போக, பிறகுதான் சன் தன் தவற்றை ஒப்புக்கொண்டது. கோயில் கட்டிய சிற்பியின் பெயர் கல்வெட்டில் விடுபட்ட கதைதான்.

ஃப்ரீபிஎஸ்டி என்னும் மற்றொரு யூனிக்ஸ் வகை முறைமையின் கதை இன்னும் சுவையானது. அது 1993-இல் தோன்றியது. அதன் பயனர்கள் ஜாவா வேண்டுமென்றால், சன்னின் தளத்துக்குத் தாங்களே சென்று, உரிமத்துக்குச் சம்மதம் தெரிவித்து, மூலநிரலை இறக்கித் தங்கள் கணிப்பொறியில் தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொகுத்து வைத்ததை மற்றவருக்குக் கொடுக்க உரிமை இருக்கவில்லை. தொகுப்பதிலும் ஒரு சிக்கல். ஜாவாவின் பெரும்பகுதி ஜாவாவிலேயே எழுதப்பட்டது. ஆகையால் ஜாவாவை உருவாக்க, முன்பே ஒரு ஜாவா வேண்டும்! அடுப்பு மூட்டப் பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கிய காலம்போல, அவர்கள் லினக்ஸுக்கான ஜாவாவை எடுத்து, லினக்ஸ் நிரல்களை ஓட்டும் ஓர் ஒத்திசைவு அடுக்கின் மேல் வைத்து ஓட்டி, அதைக் கொண்டு தங்களுக்கான ஜாவாவைத் தொகுத்தார்கள். தொகுத்ததை அப்படியே பிறருக்கு வழங்கும் உரிமத்தை ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளை பின்னர்தான் பெற்றது.

2006 நவம்பரில் ஜாவாவை ஜி.பி.எல். உரிமத்தில் திறப்பதாகச் சன் அறிவித்தது. 2007-இல் நூலகப் பகுதியும் வெளிவந்தது. ஆனால் எழுத்துருவை வரைவது, ஒலியெழுப்புவது முதலிய சில துண்டுகள் பிறருக்குச் சொந்தமானவை என்பதால் அவற்றைத் திறக்க இயலவில்லை. அந்த ஓட்டைகளை அடைக்க ரெட் ஹாட் நிறுவனத்தார் ஐஸ்டீ என்ற திட்டத்தைத் தொடங்கினர். 2008 ஜூனில், ஃபெடோரா 9 லினக்ஸில் இருந்த அவர்களது தொகுப்பு ஜாவாவின் அதிகாரபூர்வச் சோதனையில் தேறியது. அக்காவின் கைப்பேசி வழியே நான் ஒரே வரிக் கட்டளையில் இறக்கிக்கொண்டது, இப்படிப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பலர் பட்ட பாட்டின் மிச்சம். ‘எங்கும்’ என்ற சொல் சுருங்கவும் செய்யும். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-இல், 32 பிட் இன்டெல் வகைச் செயலிகளுக்கான பகுதியை அடியோடு நீக்கிவிட்டார்கள். பராமரிக்க ஆள் இருக்கும் இடம் வரைதான் ‘எங்கும்’!

நண்பர்களே, நம் ஆய்வகத்தில் எல்லாமே முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கின்றன. நாம் சென்று அமர்ந்து படத்தின்மேல் சொடுக்குகிறோம், ஓடுகிறது. இதற்காக உழைக்கும் ஆய்வக உதவியாளருக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆயினும், மூன்றாண்டுகள் கணிப்பொறி பயின்று பட்டம் பெறும் ஒருவர், ஒரு வெற்றுக் கணிப்பொறியில் ஒரு மொழியை ஓட வைத்தறியாமலேயே வெளியேறுவது முறையா? ஜாவா செய்முறைப் பாடத்தின் முதல் இரண்டு வகுப்புகளை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இது எந்த வகைக் கணிப்பொறி என்று பார்ப்பது, நிறுவுவது, இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து எது ஓடுகிறதென்று கண்டறிவது, பிறகு நீக்குவது. இவ்வளவுதான்.

மாணவர்கள் கணிப்பொறியைக் கெடுத்துவிடுவார்கள் என்று சொல்லக்கூடும். கெடுப்போம், உண்மைதான். அதற்காகத்தான் ஆய்வகத்தின் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் பழைய கணிப்பொறிகளைக் கேட்கிறேன். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்பதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. ஆசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

நண்பர்கள் சிலர் வேறொன்று சொல்கிறார்கள். கைப்பேசியிலேயே இணைய வழித் தொகுப்பான் இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு என்கிறார்கள். நானும் பேருந்தில் அதைப் பயன்படுத்துகிறேன், குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வகுப்பில் சொந்த மடிக்கணினி உள்ளவர்களைக் கைவிரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் வீட்டில் எப்படியாவது இதைக் கற்றுக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஆய்வகத்தை விட்டால் வேறு இடம் ஏது?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்களுக்குத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழை வந்தால், அது கணிப்பொறியின் பிழையாகத் தெரிவதில்லை. ‘உனக்கு இது வராது’ என்று யாரோ சொல்வதுபோல் கேட்கிறது. முதல் பருவத்தில் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்த நண்பன் அப்படித்தான் ஒவ்வொரு பிழைக்கும் தலை குனிந்து, இப்போது வகுப்புக்கே வருவதில்லை. அந்தப் பிழைச்செய்தி வசையன்று, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும் முகவரி, சில வேளைகளில் தவறான முகவரி, என்பதை நான் திண்ணையில் தனியாகக் கற்றேன். அவனும் நானும் ஆய்வகத்தில் சேர்ந்து கற்றிருக்கலாம்.

புதன்கிழமைத் தேர்வில் எனக்கு வந்த வினா வேறு. வீட்டில் ஓட வைத்த நிரலை யாரும் கேட்கவில்லை. துறைத் தலைவரிடம் அந்த மூலைக் கணிப்பொறியைப் பற்றிக் கேட்டேன். விடுமுறை கழிந்ததும் பார்க்கலாம் என்றார். போன வாரம் துணியை விலக்கிப் பார்த்தேன். இயங்குகிறது, விசைப்பலகைதான் இல்லை. எவர் வீட்டிலாவது சும்மா கிடந்தால் கொண்டு வந்து தாருங்கள். நண்பனுக்கும் சொல்லியனுப்பியிருக்கிறேன்.