கேட்டில் தொங்கும் போர்டும் நொய்யலில் கலந்த உப்பும்

தொழிற்பேட்டைப் பக்கம் பஸ்ஸில் போனால், கம்பெனி கேட்டுகளில் 'ஐ.எஸ்.ஓ. 14001 சான்று பெற்ற நிறுவனம்' என்ற போர்டைப் பார்க்கலாம். உள்ளே புகையும் கழிவும் கிடையாது என்று அதற்கு அர்த்தமா? இல்லை.

ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1996-ல் வெளியிட்ட சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரநிலை இது. 2004, 2015 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இவ்வளவு புகை விடலாம், இவ்வளவு கழிவுநீர் விடலாம் என்று ஒரு அளவுகூட அதில் இருக்காது. அதைச் சொல்ல வேண்டியது சட்டமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும்தான். இந்தத் தரநிலை கேட்பது வேறு. உங்கள் ஆலையிலிருந்து மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்னென்ன போகிறது என்று பட்டியல் போட்டீர்களா? உங்களுக்குப் பொருந்தும் சட்டங்கள் எவை? எதைக் குறைக்கப் போகிறீர்கள், யார் பொறுப்பு? இதற்கெல்லாம் பதில் இருக்கிறதா என்று தனித் தணிக்கை நிறுவனங்கள் வந்து பார்த்துச் சான்று தருகின்றன. வழக்கமாக 3 ஆண்டுக்குச் செல்லும். இடையில் வருடா வருடம் சோதனை உண்டு.

சட்டம் கட்டாயப்படுத்தாத ஒன்றுக்கு ஏன் செலவழிக்கிறார்கள்? வாங்குபவர் கேட்கிறார், அவ்வளவுதான். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டும் 1999-ல், தங்களுக்கு உதிரிபாகம் தருபவர்கள் இந்தச் சான்றைப் பெற்றே ஆக வேண்டும் என்று அறிவித்தன. ஆர்டர் வேண்டுமென்றால் சான்று வேண்டும்.

ஆர்டருக்காக மட்டும் வாங்கினால் பெருகுவது ஃபைல்கள்தான். ஆடிட்டர் வரும் வாரம் தரையைக் கழுவி, விட்டுப்போன பதிவேடுகளை ஒரே பேனாவில் நிரப்பி முடித்துவிடலாம். அந்தப் பட்டியலை ஒழுங்காகப் போடுகிறவருக்குத்தான் லாபம்.

சாயப்பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்பு வேண்டும். ஆனால், உப்பு துணியில் தங்காது. ஏறக்குறைய அத்தனையும் அலசும் நீரோடு வெளியேறிவிடும். விலைக்கு வாங்கிய உப்பு, விலைக்கு வாங்கிய தண்ணீர், அதைச் சூடாக்க எரித்த விறகு எல்லாம் ஒரே சாக்கடையில் போகிறது. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் இந்தக் கணக்கை 1975-லேயே போட்டது. மாசைத் தடுத்தால் காசு மிஞ்சும் என்ற பொருளில் ஒரு திட்டத்துக்கே பெயர் வைத்தது.

திருப்பூரில் அந்த உப்பு நொய்யல் ஆற்றில் போய்க் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையானது. வயலுக்குத் தண்ணீர் விட முடியாத விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவகாசம் மேல் அவகாசம் ஓடியது. கடைசியில் 2011 ஜனவரியில், 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது அதே நீதிமன்றம். ஆர்டர்கள் வெளியூர்ப் பட்டறைகளுக்குப் போயின. வேலை தேடி வந்திருந்தவர்கள் ஊருக்கு பஸ் ஏறினார்கள். எந்தச் சட்டம் பொருந்தும், மீறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் எழுதாமல் தள்ளிப்போட்டதன் விலை அது. அந்தச் செலவு எந்த சுத்திகரிப்பு இயந்திரத்தின் பில்லிலும் வராது.

பட்டறைகள் மறுபடி திறந்தபோது சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் வந்திருந்தன. கழிவுநீரின் பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பி வந்து மறுபடி சாயத் தொட்டிக்கே போகிறது. உப்பிலும் ஒரு பங்கு மீள்கிறது. மின்சாரச் செலவு அதிகம் என்று முதலாளிகள் முணுமுணுப்பது நியாயமே. ஆனால், 'எங்கள் துணியால் ஆறு கெடவில்லை' என்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சொல்லி ஆர்டர் கேட்பதும் அவர்கள்தான்.

ஆவியாக்கியில் கடைசியாக மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பதுதான் தீராத தலைவலி. அதை மூட்டை மூட்டையாகக் கட்டி, மழை படாத கொட்டகைகளில் அடுக்கி வைக்கிறார்கள்.